அடிக்கத் தெரிந்தும் நிறுத்துவது: கபோயிராவை அமைதிக்காகப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

பாட்டும் வாத்தியமும் சேர்ந்த பிரேசில் நாட்டுச் சண்டைக்கலையான கபோயிராவில் ஒரு உதைக்கு 'பென்சாவ்' என்று பெயர். போர்ச்சுகீசிய மொழியில் ஆசீர்வாதம் என்று அர்த்தம். எதிரில் நிற்பவரின் நெஞ்சில் உள்ளங்காலை வைத்துத் தள்ளும் உதை அது. நான் வகுப்பில் சேர்ந்து சில வாரங்கள் ஆன ஒரு மாலையில், என்னைவிட வயதில் மூத்த ஒரு அம்மா அதை எனக்குக் கொடுத்தார். என் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன, கண் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது, அவர் பாதம் என் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் வந்து அப்படியே நின்றது. பிறகு காலை இறக்கி, ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, ஆட்டத்தைத் தொடர்ந்தார். என்னை விழவைத்திருக்கலாம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரியும்.

கபோயிராவை அமைதிக்காகப் பழகலாம் என்று நான் சொல்வது அந்த ஒரு சாண் தூரத்தை நம்பித்தான். அடிக்கவே தெரியாதவர் சும்மா இருப்பதில் பெரிய விஷயம் எதுவும் இல்லை. கால் எட்டும் தூரத்தில், கோபமும் பயமும் உடம்பில் இருக்கும் நேரத்தில், நிறுத்தத் தெரிய வேண்டும். அதை எப்படிப் பழகுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். முன் அனுபவம் எதுவும் தேவையில்லை, வயதும் பெரிய தடையில்லை.

முதல் படி: எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிவிட்டு நேராகப் பயிற்சிக்குப் போகலாம் என்று தோன்றும். தயவுசெய்து தாண்டாதீர்கள். அடிமை வணிகக் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலில் கொண்டுவந்து இறக்கியவர்கள் சுமார் 48 லட்சம் பேர். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும், குறிப்பாக அங்கோலா, காங்கோ பகுதிகளின் வழி வந்தவர்கள், பிரேசில் மண்ணில் உருவாக்கியதுதான் கபோயிரா. 1888 மே 13 அன்று அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. இரண்டே வருடத்தில், 1890இல் வந்த தண்டனைச் சட்டம், தெருவில் கபோயிரா ஆடினால் இரண்டு முதல் ஆறு மாதம் சிறை என்று எழுதியது. விடுதலை ஆன மனிதர்களின் உடம்பு எப்படி அசையலாம் என்பதைக்கூட அரசு தன் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். குதிரைப் போலீஸ் வருகிறது என்று எச்சரிக்க வாசிக்கப்பட்டதாகச் சொல்லும் 'கவலரியா' என்ற தாளத்தை இன்றும் வகுப்பில் கற்றுத்தருகிறார்கள்.

பாயா மாநிலத்தின் தலைநகரான சால்வடோரில் மெஸ்த்ரே பிம்பா 1932இல் பள்ளி தொடங்கினார். 1937இல் அதற்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. அவர் வகுத்தது 'ஹெஜியோனல்' என்ற வேகமான, நேரடியான பாணி. (மெஸ்த்ரே என்றால் ஆசான்.) அதே ஊரில் மெஸ்த்ரே பஸ்தீஞா பழைய முறையைக் காப்பாற்ற 1941இல் ஒரு மையம் அமைத்தார். அது 'அங்கோலா' பாணி. பஸ்தீஞா கபோயிரா கற்ற கதையை அவரே சொல்லியிருக்கிறார். சிறுவனாக இருந்தபோது, தன்னைவிடப் பெரிய பையன் ஒருவனிடம் அடிக்கடி அடி வாங்கி அழுதுகொண்டு வருவாராம். இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பெனெதித்தோ என்ற ஆப்பிரிக்க முதியவர் கூப்பிட்டு, பட்டம் விட்டுப் பொழுதைக் கழிப்பதற்குப் பதில் என் வீட்டுக்கு வா, சொல்லித்தருகிறேன் என்றார். அடுத்த தடவை அந்தப் பையன் வம்புக்கு வந்தபோது ஒரே ஒரு அசைவு போதுமானதாக இருந்தது. அதன் பிறகு அவன் இவருக்கு நண்பன் ஆகிவிட்டான். கதை நட்பில் போய் முடிகிறது பாருங்கள், அதனால்தான் எனக்கு இது பிடிக்கும்.

பஸ்தீஞாவின் பள்ளி இருந்த பகுதிக்குப் பெலோரீஞோ என்று பெயர், கசையடித் தூண் என்று அர்த்தம். பின்னாளில் கட்டடத்தைச் சீரமைக்கிறோம் என்று சொல்லி அவரை அங்கிருந்து வெளியேற்றினார்கள், அந்த இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. பார்வை இழந்திருந்த அவர் 1981இல் வறுமையில் இறந்தார். 2014இல் யுனெஸ்கோ கபோயிரா வட்டத்தை, அதாவது நடுவில் இருவர் ஆட மற்றவர்கள் சுற்றி நின்று வாசித்துப் பாடும் கூட்டத்தை, மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவும் மனதில் இருந்தால்தான் இந்தக் கலையோடு அமைதி என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்ல நமக்கு உரிமை வரும். அமைதியை யாரும் தானமாகக் கொடுக்காத மக்கள் உண்டாக்கியது இது.

இரண்டாம் படி: ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது

வீடியோ பார்த்துத் தனியாகக் கற்க முடியாது. உதையைக் கற்கலாம், நிறுத்துவதைக் கற்க எதிரில் ஒரு ஆள் வேண்டும். எனவே பக்கத்தில் இருக்கும் குழுவைத் தேடுங்கள், ஆனால் சேருவதற்கு முன் அவர்களுடைய வட்டத்தை ஒரு தடவையாவது உட்கார்ந்து பாருங்கள். வட்டத்துக்கு 'ரோடா' என்று எழுதி 'ஹோடா' என்று சொல்கிறார்கள்.

என்ன பார்க்க வேண்டும்? ஆசிரியர் புதியவரோடு எப்படி ஆடுகிறார் என்று பாருங்கள். வல்லவரோடு ஆடும்போது எல்லோரும் அழகாகத்தான் தெரிவார்கள். நேற்றுச் சேர்ந்தவர் தடுமாறும்போது அவர் வேகத்தைக் குறைத்து வழி விடுகிறாரா, இல்லை கைதட்டலுக்காகக் கீழே தள்ளுகிறாரா? யாராவது விழுந்தால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? பெண்கள் ஆடுவதோடு நிற்காமல் பெரிம்பாவ் என்ற வில் வாத்தியத்தைப் பிடித்து வட்டத்தை நடத்துகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். நீண்ட காலம் இது ஆண்களின் இடமாகவே இருந்தது, மெஸ்த்ரா (பெண் ஆசான்) ஜாஞ்ஜா, மெஸ்த்ரா பவுலீஞா போன்றவர்கள் பல வருடம் உழைத்து அதை மாற்றியிருக்கிறார்கள். அவர்கள் பங்கேற்று 1995இல் சாவ் பாவ்லோவில் உருவான குழுவின் பெயர் இன்சிங்கா, அங்கோலா பகுதியை ஆண்ட அரசியின் பெயர்.

எல்லா வட்டமும் அமைதியான வட்டம் என்று சொன்னால் அது பொய். பல்லை உடைக்கும் வட்டங்களும் உண்டு. அப்படி ஒன்றைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கோலா, ஹெஜியோனல், இரண்டும் கலந்த இன்றைய பாணி, எதுவாக இருந்தாலும் சரிதான். அமைதிக்காகத்தான் தொடங்குகிறேன் என்றால் அங்கோலாவைச் சொல்வேன், மெதுவாக நடப்பதால் நம் மனம் என்ன செய்கிறது என்று பார்க்க நேரம் கிடைக்கிறது.

மூன்றாம் படி: ஜிங்கா

ஜிங்கா என்பது கபோயிராவின் அடிப்படை அசைவு. எல்லாம் இதற்குள் இருக்கிறது, ஆகையால் இங்கே கொஞ்சம் நின்று பேசுவோம். தரையில் சாக்கட்டியால் ஒரு முக்கோணம் வரையுங்கள். இரண்டு மூலை உங்களுக்கு முன்னால், தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. மூன்றாவது மூலை பின்னால். முன்மூலைகள் இரண்டிலும் பாதங்களை வைத்து முழங்காலை மடித்து நில்லுங்கள். வலது காலைப் பின்மூலைக்கு எடுத்துச்செல்லுங்கள், முன்பாதம் மட்டும் தரையைத் தொடட்டும். அதே நேரம் வலது முன்கை முகத்துக்கு முன்னால் வர வேண்டும். இப்போது காலைத் திரும்பப் பழைய மூலைக்குக் கொண்டுவாருங்கள், அடுத்து இடது கால் பின்னால், இடது கை முன்னால். இவ்வளவுதான். இதையே நிற்காமல், ஊஞ்சல் போல.

எல்லோரும் செய்யும் தவறு, இரண்டு காலும் ஒரே கோட்டில் வந்து கயிற்றில் நடப்பதுபோல ஆகிவிடுவது. யாராவது தோளைத் தொட்டாலே விழுந்துவிடுவீர்கள். சாக்கட்டிக் கோடு அதற்குத்தான். அடுத்தது, கீழே பார்ப்பது. எதிரில் சுவரில் உங்கள் முக உயரத்துக்கு ஒரு பொட்டு ஒட்டி அதையே பாருங்கள். பிற்பாடு அந்தப் பொட்டு இருந்த இடத்தில் ஒரு மனிதரின் முகம் இருக்கும்.

தினமும் பதினைந்து நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் உடம்பு முரண்டு பிடிக்கும், தோள்கள் காதுவரை ஏறி நிற்கும், தாடை இறுகி இருக்கும். எண்ணிக்கொண்டே ஆடாதீர்கள். மூச்சைக் கால் பின்னால் போகும்போது விட்டுப் பாருங்கள். ஏறக்குறைய பத்தாவது நிமிடத்தில் தோள் தானாக இறங்கும். எரிச்சலோடு வேலையிலிருந்து வந்த நாட்களில் இந்தப் பத்து நிமிடத்தை நான் ஒருபோதும் விடுவதில்லை. ஜிங்காவில் நீங்கள் எந்த நொடியிலும் முழுதாக நிற்பதில்லை, அதனால் ஒரே நிலையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு மோதவும் முடியாது. யாராவது வேகமாக வந்தால் நீங்கள் ஏற்கெனவே அடுத்த மூலைக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

நான்காம் படி: தரைக்கு இறங்குவது

கபோயிராவில் பெரும்பாலும் உதையைக் கையால் தடுப்பதில்லை, அதன் வழியிலிருந்து விலகிக்கொள்கிறோம். முதலில் 'கொக்கொரீஞா'. நாம் குத்தவைத்து உட்காருவோமே, அதேதான், ஒரு கை முகத்தைக் காக்க, மறு கை பக்கவாட்டில் தரையைத் தொட. பாதம் முழுக்கத் தரையில் படிய வேண்டும். அடுத்து 'நெகட்டிவா'. ஒரு காலை மடித்து, மற்றதை நீட்டி, உடம்பைப் பக்கவாட்டில் தரைக்கு அருகில் இறக்குவது. அங்கிருந்து எழாமலேயே சுழன்று நகர்வது 'ஹோலே'. கடைசியாக 'ஆவூ', கைகளை ஊன்றிக் கால்களை மேலே வீசிச் சக்கரம் போல உருள்வது. தலைகீழாக இருக்கும்போதும் கண் எதிராளியைவிட்டு அகலக் கூடாது.

காயம் வருவது பெரும்பாலும் இங்கேதான். பாதம் தரையில் அப்பியிருக்கும்போது முழங்காலைத் திருகாதீர்கள், முன்பாதத்தில் நின்று திரும்புங்கள். தொடங்குவதற்கு முன் மணிக்கட்டை நன்றாகச் சூடாக்குங்கள். முதுகுவலியோ முழங்கால் பிரச்சினையோ இருந்தால் ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஆவூ இல்லாமலேயே நல்ல ஆட்டம் ஆடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

விழுவதற்கு இருக்கும் பயம் குறையும்போது மனசில் வேறொன்றும் குறைகிறது. கீழே போவது அவமானம் என்ற எண்ணம். ஒரு வாரம் முழுக்கத் தரையிலேயே கிடந்து பழகியவருக்கு, யாரோ கீழே தள்ளிவிட்டார்கள் என்பதற்காகப் பழி வாங்கும் வேகம் அவ்வளவு சீக்கிரம் வராது.

ஐந்தாம் படி: உதைக்கவும் நிறுத்தவும் பழகுவது

சுழன்று குதிகாலால் வீசும் 'மெய்யா லுவா ஜி கொம்பாசோ', காலை வாரும் 'ஹஸ்தேய்ரா', நெஞ்சில் வைக்கும் பென்சாவ், தலையால் முட்டும் 'கபெசாடா'. இவற்றின் நுணுக்கத்தை ஆசிரியர் காட்டுவார். நான் சொல்ல வருவது ஜோடிப் பயிற்சியைப் பற்றி.

ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பென்சாவை மிக மெதுவாகக் கொண்டுபோய் அவர் சட்டையைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். பத்து தடவை. பிறகு ஒரு சாண் முன்னால் நிறுத்துங்கள், பத்து தடவை. கொஞ்சம் வேகம் கூட்டி அதே தூரம். நிறுத்தும்போது நிற்கிற காலும் வயிறும்தான் வேலை செய்கின்றன என்பது அப்போது தெரியும், உதைத்துத் தள்ளுவதைவிட இதற்குக் கூடுதல் பலம் வேண்டும். ஹஸ்தேய்ராவில் காலைக் கொக்கி போட்டு, அவர் சமநிலை போகிறது என்று இருவருக்கும் தெரியும் அந்த நொடியில் விட்டுவிடுங்கள். அடியைக் குறித்துக் காட்டுவது என்று இதைச் சொல்வார்கள். சுழல் உதைகளை நடுவில் நிறுத்த முடியாது, அவற்றை எதிராளி இறங்க நேரம் இருக்கும் வேகத்தில்தான் வீச வேண்டும். அவர் எவ்வளவு வேகமானவர் என்று பார்க்காமல் வீசினால் தவறு உங்களுடையது.

வாங்கும் பக்கத்திலும் ஒரு பயிற்சி இருக்கிறது. குறித்துக் காட்டப்பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், ஒரு தலையசைப்பு போதும். படவே இல்லையே என்று முகத்தை வைத்துக்கொண்டால் அடுத்த தடவை நிஜமாகவே படும், வட்டங்கள் கெட்டுப்போவது இப்படித்தான்.

ஆறாம் படி: பெரிம்பாவ்

பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். பெரிம்பாவ் ஒரு வில். பிரிபா என்ற மரத்தின் கம்பு, பழைய கார் டயருக்குள்ளிருந்து உரித்தெடுத்த எஃகுக் கம்பி, கீழ்ப்பக்கம் கட்டிய சுரைக்குடுக்கை. இடது கைச் சுண்டுவிரல் குடுக்கையின் கயிற்றுக்குக் கீழே முழுப் பாரத்தையும் தாங்கும், முதல் வாரம் உயிர் போகும் வலி. நடு இரண்டு விரல்கள் கம்பைப் பிடிக்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு நாணயத்தையோ கூழாங்கல்லையோ பிடித்திருக்கும். வலது கையில் மெல்லிய குச்சியும், கசிஷி என்ற சின்னக் கிலுகிலுப்பையும்.

மூன்று ஒலிதான். கல் கம்பியைத் தொடாதபோது 'டோங்'. கல்லை அழுத்தினால் 'டிங்'. லேசாக ஒட்டவைத்தால் 'ச்'. ச் ச் டோங் டிங் என்று சுற்றிவந்தால் அது 'அங்கோலா' தாளம். கடைசி இரண்டையும் இடம் மாற்றி ச் ச் டிங் டோங் என்றால் 'சாவ் பெந்த்தோ பெக்கேனோ'. குடுக்கையின் வாயை வயிற்றிலிருந்து விலக்கியும் சேர்த்தும் ஒலியைத் திறந்து மூட வேண்டும்.

அங்கோலா வட்டத்தில் மூன்று பெரிம்பாவ் இருக்கும், குங்கா, மேஜியோ, வியோலா. அடிக்குரல் கொண்ட குங்காதான் எஜமான். அது மெதுவானால் ஆட்டம் மெதுவாக வேண்டும், அது ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப அடித்துக் கூப்பிட்டால் ஆடுபவர்கள் இருவரும் நிறுத்திவிட்டு அதன் காலடிக்கு வர வேண்டும். எவ்வளவு சூடான ஆட்டமாக இருந்தாலும் சரி. கோபத்தில் இருக்கும் உடம்பு ஒரு ஒலிக்குக் கட்டுப்பட்டு நிற்கப் பழகுவது சின்ன விஷயம் கிடையாது. நீங்களே குங்கா வாசிக்கும் நாள் வரும்போது, இரண்டு பேர் முகத்தைப் பார்த்தே சண்டை வரப்போகிறதா என்று கண்டுபிடித்துத் தாளத்தை இறக்கும் பொறுப்பும் வரும்.

ஏழாம் படி: வட்டத்துக்குள்

பெரிம்பாவின் காலடியில் இருவரும் குந்துங்கள். 'இயே!' என்ற கூவலோடு தொடங்கும் முதல் நீண்ட பாட்டு முடியும்வரை ஆடக் கூடாது, கேட்க மட்டும். பிறகு ஒருவர் பாட, எல்லோரும் பதில் பாடும் பாட்டுகள் வரும். வார்த்தை தெரியாவிட்டாலும் பதில் பாடுங்கள், வட்டத்தின் பலம் அதுதான். கைகுலுக்கிவிட்டு உள்ளே போங்கள். தமிழில் நடனத்துக்கும் விளையாட்டுக்கும் ஆட்டம் என்ற ஒரே சொல் இருப்பது இங்கே ரொம்பப் பொருந்துகிறது. பிரேசிலிலும் கபோயிரா 'விளையாடுகிறேன்' என்றுதான் சொல்கிறார்கள்.

அங்கோலா ஆட்டத்தில் 'ஷமாடா' என்று ஒன்று உண்டு, அழைப்பு என்று அர்த்தம். ஆட்டத்தின் நடுவில் ஒருவர் சட்டென்று நின்று கைகளை விரித்துக் காட்டுவார். மற்றவர் உடனே போய்க் கட்டிப்பிடித்துவிடக் கூடாது. சுற்றிவந்து, தாழ்ந்து, ஒரு கையால் தன் முகத்தைக் காத்துக்கொண்டே, தலையாலோ முழங்காலாலோ அடிக்க முடியாத கோணத்தில் போய் உள்ளங்கையைச் சேர்க்க வேண்டும். இருவரும் கைசேர்த்தபடி முன்னால் சில அடி, பின்னால் சில அடி நடப்பார்கள். அழைத்தவர் வழிவிட்டதும் பிரிந்து ஆட்டத்துக்குத் திரும்புவார்கள், அந்த வழியும் ஒரு பொறியாக இருக்கலாம். இதை முதலில் பார்த்தபோது எனக்குப் புரியவில்லை. இப்போது முழுக் கலையிலும் இதைத்தான் அதிகம் பழகுகிறேன். நெருங்கவும் வேண்டும், ஏமாறவும் கூடாது. நீண்ட நாள் பேசாமல் இருந்த ஒருவரிடம் மறுபடி பேசப் போகும்போது என் உடம்பு எப்படி இருக்கிறதோ, ஷமாடாவுக்கு நடக்கும்போதும் அப்படியேதான் இருக்கிறது.

கோபம் வந்தால்

வரும். கண்டிப்பாக வரும். யாரோ தெரியாமல் வாயில் உதைப்பார், அல்லது தெரிந்தே உதைப்பார். அப்போது செய்யக் கபோயிராவிலேயே ஒரு வழி இருக்கிறது, 'வோல்தா அவ் முண்டோ', உலகைச் சுற்றிவருதல். ஆட்டத்தை நிறுத்திவிட்டு வட்டத்தின் உள்விளிம்பை ஒட்டி நடக்கத் தொடங்குங்கள், எதிராளியும் கூடவே நடப்பார். யாரும் தோற்றதாகக் கணக்கில்லை. ஒரு சுற்று, தேவைப்பட்டால் இரண்டு. மூச்சு இறங்கிய பிறகு பெரிம்பாவின் காலடிக்கு வந்து மறுபடி கைகுலுக்கித் தொடங்கலாம், இல்லையென்றால் கைகுலுக்கி வெளியேறலாம். வெளியேறுவதற்கு வெட்கப்படாதீர்கள். வகுப்பு முடிந்ததும் அந்த ஆளிடம் நேரில் போய், அந்த உதை பலமாக விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனால் அடுத்த வாரம் அதை உங்கள் கால் சொல்லும்.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோமா நகரில், ஆயுதக் குழுக்களிடமிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கு யுனிசெஃப் துணையோடு 2014இல் கபோயிரா வகுப்புகள் தொடங்கின. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுபோகப்பட்டவர்களின் கலை அங்கே திரும்பி வந்திருக்கிறது. துப்பாக்கி பிடிக்க வைக்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு, எதிரில் இருப்பவர் மேல் கை ஓங்கி, அதைத் தானே நிறுத்தி, அவர் சிரிப்பதைப் பார்ப்பது என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாரத்துக்கு இரண்டு வகுப்பு, தினமும் பதினைந்து நிமிட ஜிங்கா, மாதத்துக்கு ஒரு வட்டமாவது. ஆறு மாதம் இப்படிப் போகட்டும், அதற்குள் எதையும் எடைபோடாதீர்கள். வட்டம் முடிந்ததும் உடனே கிளம்பாமல் வாத்தியங்களை எடுத்துவைக்க உதவுங்கள். முக்கியமாகப் பெரிம்பாவின் கம்பியை அவிழ்த்துவிட்டு வையுங்கள். முறுக்கியபடியே சுவரில் சாய்த்துவிட்டுப் போனால் கம்பு அப்படியே வளைந்து போய்விடும், அடுத்த வாரம் அதில் ஒலி வராது.